நின்றால் தரை தட்டும்

ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு ஆற்றின்மேல் தனக்கு ஏதோ ஓர் உரிமை உண்டு என்ற நினைப்பு எப்படியோ வந்துவிடுகிறது. அவருக்கும் அது வந்திருந்தது. கோல கங்சாருக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் 1960ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் பால்மரம் சீவியவர். சம்பளம் போட்ட மறுநாள் தந்தை அவரை நகரத்துக்கு அழைத்துச் செல்வார். சில வேளைகளில் பேராக் ஆற்றைக் கடந்து, சாயோங் கம்பத்திலிருந்த நண்பர் ஒருவரைப் பார்க்கவும் கூட்டிச் செல்வார். ஆற்றைக் கடக்கச் சம்பான்தான். அதன் முன்பலகையில் உட்கார்ந்து, பழுப்பு நிறத்தில் அகன்று நகரும் நீரைப் பார்த்துக்கொண்டே போகும் சில நிமிடங்களுக்காக அந்தச் சிறுவன் மாதம் முழுவதும் காத்திருப்பான். மற்ற நாட்களில் ஆற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் தாயார் விடமாட்டார். ஆறு பிள்ளை கேட்கும் என்பது அந்தத் தாயாரின் நம்பிக்கை. நீச்சல் கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் அதை மூடநம்பிக்கை என்று எளிதில் தள்ளிவிடுவதற்கும் இல்லை.

1980இல் பொறியியல் படிப்பதற்காக அவர் நியூசிலாந்தின் தென்தீவிலுள்ள கிரைஸ்ட்சர்ச் நகருக்குச் சென்றார். கொழும்புத் திட்டத்தின் உதவியோடும் சொந்தச் செலவிலும் மலேசிய மாணவர்கள் பல ஆண்டுகளாகவே நாடிச் சென்ற நகரம் அது. அங்கே அவர் கண்ட ஆறு முதலில் அவருக்கு ஆறாகவே தோன்றவில்லை. வைமாகரிரி என்பது அதன் பெயர். குளிர்ந்த நீர் என்பது மவோரி மொழியில் அதன் பொருள். பனிமலைத் தொடரில் தோன்றி, கேன்டர்பரி சமவெளியைக் கடந்து, நகருக்குச் சற்று வடக்கே பசிபிக் கடலில் கலக்கிறது. அதன் படுகை சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் அகன்று கிடக்கிறது. ஆனால் அந்த அகலத்தில் பெரும்பகுதி சாம்பல் நிறக் கூழாங்கற்களே. கல்வெளிக்கு இடையே பல நீர்க்கால்கள், பின்னிய சடையின் புரிகளைப் போலப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடுகின்றன. பலவற்றில் முழங்காலளவு நீர்கூட இராது. அதில் படகு விட முடியாது என்று சொல்வதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நண்பர்களோடு அந்தக் கல்வெளியில் உட்கார்ந்திருந்தபோது, தொலைவில் ஓர் இரைச்சல் கேட்டது. சிறிது நேரத்தில் ஒரு படகு, பின்னால் வெள்ளைநீரை வாரி இறைத்தபடி, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறி வந்தது. கணுக்கால் நனையும் அளவே நீர் ஓடிய ஒரு துறையை, அங்கு நீர் குறைவு என்பதே தெரியாததுபோல, அது ஒரே வீச்சில் கடந்தது. உள்ளே ஒரு தகப்பனும் தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். கடைக்குட்டி கையசைத்தது. படகு வளைவில் மறைந்த பிறகும் அவர் எழுந்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். அன்று அவர் மனத்தில் பதிந்தது அந்த இயந்திரமா, அந்தக் குடும்பமா என்பதை அவரால் பின்னாளில்கூடப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

படிப்பு முடிந்தது, ஈப்போவில் வேலை, திருமணம், ஒரு மகன், ஒரு மகள். 1995இல் குடும்பத்தோடு அதே கிரைஸ்ட்சர்ச்சில் குடியேறினார். இரண்டாண்டு கழித்து, 1997இன் குளிர்காலத்தில், யாரையும் கலந்துகொள்ளாமல் ஒரு பழைய ஜெட் படகை வாங்கி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். கலந்துகொள்ளாததற்குக் காரணம் இருந்தது. அவருடைய மனைவி கோலாலம்பூரில் வளர்ந்தவர். 1971ஆம் ஆண்டு ஜனவரியில் கிள்ளான் ஆறு கரைபுரண்டு நகரை மூழ்கடித்தபோது அவருக்கு வயது ஆறு. தகப்பனாரின் தோளில் உட்கார்ந்து, கழுத்தளவுத் தண்ணீரில், அடுத்த தெருவிலிருந்த மாடிவீட்டுக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அந்த இரவில் நீரின்மேல் மிதந்து சென்றவற்றைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. குளியல்தொட்டியில் பிள்ளைகளுக்கு நீர் நிரப்பும்போதுகூட ஓரளவுக்கு மேல் நிரப்பமாட்டார். அப்படிப்பட்டவரிடம் படகு வாங்கலாமா என்று கேட்டால் என்ன விடை வரும் என்பது கேட்பதற்கு முன்பே தெரிந்திருந்தது. தெரிந்தும் வாங்கினார். இதைத் துணிவு என்று சொல்ல மனம் வரவில்லை.

"குடும்பத்துக்காகத்தான் வாங்கினேன்" என்றார்.

"குடும்பத்துல யார் கேட்டாங்க?" என்று மட்டும் மனைவி கேட்டார். அதற்கு அவரிடம் விடை இல்லை.

படகு ஐந்து மீட்டர் நீளமிருக்கும். அலுமினியத் தகட்டால் ஆன உடல். பழைய மோட்டார்காரிலிருந்து எடுத்துப் பொருத்திய எட்டு சிலிண்டர் இயந்திரம் நடுவில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. காரைப் போலவே சுக்கான் வட்டு. காரைப் போலவே காலால் அழுத்தும் முடுக்கு மிதி. அடிப்பாகம் முழுவதும் கீறல்களும் நெளிவுகளும் இருந்தன. விற்றவர் அவற்றை மறைக்கவில்லை. ஒவ்வொரு நெளிவுக்கும் ஓர் ஆற்றின் பெயரைச் சொன்னார். அவரோ அவற்றைக் குறைகளாகக் கருதாமல் விருதுகளாகக் கருதினார். கையில் பணத்தோடு நிற்பவனுக்குக் கண் அப்படித்தான் பார்க்கும்.

இவ்வகைப் படகு உருப்பெற்றதே அந்தத் தீவில்தான். 1899இல் பிறந்த பில் ஹாமில்டன் என்பவர், 1921இல், மெக்கென்சி மேட்டுநிலத்தில் ஐரிஷ்மன் கிரீக் என்ற ஆட்டுப்பண்ணையை வாங்கினார். பண்ணைக்காரராக இருந்துகொண்டே பட்டறை அமைத்தார். அதற்கு வேண்டிய மின்சாரத்தையும் தம் நிலத்து நீரோடையைத் தேக்கியே எடுத்துக்கொண்டார். தம்மைச் சுற்றி ஓடிய ஆழமற்ற, கல் நிறைந்த ஆறுகளில் மேலேறிச் செல்லப் படகு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சாதாரண விசைப்படகின் சுழல்விசிறி அடிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் பாறையிலேயே முறிந்துவிடும். ஆகவே 1950களின் தொடக்கத்தில் அவர் நீர்ப்பீச்சு விசையில் முனைந்தார். படகின் அடியிலுள்ள ஒரு வாய் வழியாக நீரை உறிஞ்சி, உள்ளே சுழலியால் முடுக்கி, பின்னோக்கிப் பீச்சியடிக்க வேண்டும். பீச்சின் எதிர்விசை படகை முன்தள்ளும். முதலில் பீச்சு நீருக்குள்ளேயே சென்றது, வேகம் போதவில்லை. 1954இல், நீரைப் பின்பலகை வழியே நீர்மட்டத்துக்கு மேலே வெளியேற்றுமாறு மாற்றியமைத்தபோதுதான் உண்மையான வேகம் பிறந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எதுவும் இல்லாமலும் போயிற்று. 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் ஊடே, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின. அதற்கு முன் எப்படகும் அதைச் செய்ததில்லை. இத்தனைக்கும் பிறகு, இந்தத் தத்துவத்தைக் கண்டுபிடித்த பெருமை ஆர்க்கிமிடீசுக்கே உரியது என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர். 1974இல் சர் பட்டம் பெற்றார், 1978இல் காலமானார்.

அந்த ஆண்டு இறுதியில் தாயார் மலேசியாவிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருந்தார். வாசலில் நின்ற படகைக் கண்டதும் முகம் சுருங்கிவிட்டது. ஆற்றங்கரைக்குப் போகாதே என்று அடித்து வளர்த்த பிள்ளை ஆற்றையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று மருமகளிடம் அங்கலாய்த்தார். தாயாரை வசப்படுத்த அவருக்கு ஒரு செய்தி உதவியது. 1977ஆம் ஆண்டு எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு வங்கக் கடலோரக் கங்காசாகரில் புறப்பட்டு, காசியையும் அரித்துவாரத்தையும் கடந்து, இமயத்தை நோக்கிக் கங்கையில் மேலேறினார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரையில் படகுகள் சென்றன. இதை அவர் சொல்லக் கேட்ட தாயார் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கங்கையில போன படகா இது?" என்றார். இந்தப் படகு அன்று, இதே வகைப் படகு என்று விளக்க வேண்டிய மகன் விளக்காமல் இருந்துவிட்டார்.

அதன் பின் தாயார் வாகனபூசைக்கு ஏற்பாடு செய்தார். முன்பலகையில் சந்தனமும் குங்குமமும் இட்டார், சூடம் காட்டினார், படகைச் சுமந்த இழுவண்டியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தார். அண்டைவீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பழங்கள் நசுங்க, வண்டி ஆற்றை நோக்கிப் புறப்பட்டது. எலுமிச்சம்பழத்தை எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள். அடைப்பானை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

படகின் பின்பலகையின் அடியில் ஒரு துளை உண்டு. உள்ளே சேரும் நீரை, படகு கரையேறிய பின் வடித்துவிடுவதற்கான துளை அது. ஒரு காசளவுதான் இருக்கும். நீரில் இறக்குமுன் அதைத் திருகு அடைப்பானால் மூட வேண்டும். சாய்தளத்தில் படகை இறக்கிக் கயிற்றால் கட்டிவிட்டு, சோற்றுக் கூடைகளையும் பாயையும் தண்ணீர்ப் போத்தல்களையும் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மகன் உள்ளே நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். "அப்பா, கால் நனையுது" என்றான். படகு என்றால் கால் நனையத்தான் செய்யும் என்றார் தகப்பனார். சிறிது நேரத்தில் புளியோதரைப் பாத்திரம் தானாக நகர்ந்து சென்றது. அதன் பிறகே எல்லாருக்கும் விளங்கியது. அங்கிருந்த முன்பின் அறியாத இருவர் ஓடிவந்து, மூழ்கத் தொடங்கிய படகை இழுவண்டியில் ஏற்ற உதவினார்கள். நீர் நிறைந்த படகின் எடையை அன்றுதான் அவருடைய மகிழுந்து அறிந்தது. மேலே இழுத்து நிறுத்திய பின், அந்தக் காசளவுத் துளையிலிருந்து வெகுநேரம் நீர் கொட்டிக்கொண்டே இருந்தது. உதவியவர்களில் ஒருவர் புறப்படுமுன் ஒரு செய்தி சொன்னார். படகு வேகமாக ஓடிக்கொண்டிருந்தால், அடைப்பான் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நீர் அத்துளை வழியே தானாக வெளியேறிவிடுமாம். நின்றால்தான் உள்ளே வருமாம்.

வீடு திரும்பியதும் மனைவி கையை நீட்டினார். "அந்த அடைப்பான் எங்கிட்ட இருக்கட்டும்." பித்தளையாலான அந்தச் சிறு பொருள் அன்று முதல் வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு சாவியாகத் தொங்கியது. அவர் கொடுத்தாலன்றிப் படகு நீரைத் தொட முடியாது. ஒவ்வொரு முறையும் அவர் கேட்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் மனைவி வானத்தைப் பார்த்துவிட்டு, மேற்கே மலைப்பக்கம் பார்த்துவிட்டு, பிறகே சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றுவார்.

மலைப்பக்கம் பார்ப்பது வீண்வேலையன்று. அந்தச் சமவெளிக்கு ஒரு வடமேற்குக் காற்று உண்டு. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைத்தொடரில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் வறண்டு சூடேறி இறங்குகிறது. சமவெளியில் வெயில் கொளுத்தும். வானம் துல்லியமாக இருக்கும். அதே வேளையில் மலையில் பெய்த மழை ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். நீல ஆறு சில மணி நேரத்தில் சாம்பல் நிறமாகும், கரைகள் மறையும், வேரோடு பெயர்ந்த மரங்கள் மிதந்து வரும். தலைக்குமேல் ஒரு மேகமும் இல்லாமல் வெள்ளம் வரும் அந்த ஊரில், வெள்ளத்தைச் சிறுவயதில் பார்த்த ஒரு பெண் கணவனைவிட விரைவாக வானம் படிக்கக் கற்றுக்கொண்டது வியப்பில்லை.

படகோட்டக் கற்பித்தவர் அதே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த அண்டைவீட்டு முதியவர். மலையடிவாரத்தில் ஆட்டுப்பண்ணை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். அதிகம் பேசாதவர். முதல் பாடத்தில் அவர் சொன்னது ஒன்றே. இந்தப் படகில் சுக்கான் பலகை இல்லை. பீச்சியடிக்கும் நீரைத்தான் வலமோ இடமோ திருப்புகிறோம். பீச்சு இருந்தால் திரும்பும். பீச்சு இல்லையென்றால் வட்டை எவ்வளவு சுழற்றினாலும் போகிற போக்கிலேயே போகும். ஆகையால் பயம் வரும்போது காலை எடுத்துவிடாதே. மகிழுந்து ஓட்டிப் பழகியவனுக்கு ஆபத்தைக் கண்டதும் கால் தானாக மேலே வரும். அந்தப் பழக்கத்தைக் கரையில் விட்டுவிட்டு வா. இவ்வளவுதான். அவர் தலையாட்டினார். பின்னிருக்கையில் மகளை மடியில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்த மனைவியும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஆற்றைப் படிப்பது தனிக்கல்வி. வளைவின் வெளிப்புறம் ஆழம், உட்புறம் மேடு. நெருக்கமான சிற்றலைகள் மின்னும் இடத்தில் அடியில் கற்கள் மேலே வந்துவிட்டன என்று பொருள். பெரிய அலைகள் எழும் இடத்தில் பயமுறுத்தும் தோற்றம் இருந்தாலும் நீர் இருக்கும். ஒரு நீர்க்கால் இரண்டாகப் பிரியும்போது எதில் நீர் அதிகம் என்பதைத் தொலைவிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். அடுத்த வாரம் வந்தால் இந்தப் பாடத்தில் பாதி செல்லாது. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஆறு தன் கால்களை வேறிடத்தில் வைத்துக்கொள்கிறது. போன மாதம் படகு பறந்து சென்ற வழியில் இந்த மாதம் ஆட்காட்டி இனத்துப் பறவைகள் நடந்துகொண்டிருக்கும்.

வேகமாக ஓடும்போது படகு நீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. மேலெழுந்து நீரின் மீது சறுக்கிச் செல்கிறது. அந்நிலையில் அதற்கு ஒரு சாண் நீர்கூட வேண்டாம். பத்து சென்டிமீட்டர் போதும். வேகம் குறைந்தால் உடல் நீருக்குள் அமிழ்கிறது. அப்போது முழங்காலளவு நீர் இருந்தாலும் கஷ்டம்தான். தயங்கினால் அகப்பட்டுக்கொள்வோம் என்பது இதிலிருந்து பெறப்படும். பெறப்பட்டதை அவர் ஒரு தைமாதத்துச் சனிக்கிழமையன்று செய்து பார்த்தார். ஆறு இரண்டாகப் பிரிந்தது. இடமா வலமா என்று ஒரு கணம் தயங்கினார். கால் மிதியிலிருந்து சற்றே மேலே வந்தது. அவ்வளவுதான். படகு அமர்ந்தது, கற்கள் அடித்தகட்டில் தேய்ந்து அலறும் ஓசை கேட்டது, ஒரு மேட்டின் நடுவில், சுற்றிலும் நீர் சலசலத்து ஓட, குடும்பம் முழுவதும் தரைதட்டி உட்கார்ந்திருந்தது.

முக்கால் டன் எடையை நால்வர் தள்ளி நகர்த்த முடியாது, அதிலும் இருவர் சிறுபிள்ளைகள். நீர் பனியிலிருந்து இறங்கி வந்தது, கால்கள் மரத்துப்போயின. மணற்கொசுக்கள் மொய்த்தன. கைக்குக் கிடைத்த தட்டாலும் வாளியாலும் கற்களை விலக்கி வாய்க்கால் வெட்டினார்கள். மிதந்துவந்து ஒதுங்கிய மரத்துண்டுகளை அடியில் செருகினார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து அவ்வழியே வந்த மற்றொரு படகின் ஆட்கள் இறங்கி உதவி, ஏலேலோ பாடாத குறையாக இழுத்துவிட்டார்கள். உதவியவர்கள் யாரும் ஏளனம் செய்யவில்லை. அந்த ஆற்றில் அகப்படாதவர் எவருமில்லை என்பதால் அப்படியொரு நாகரிகம் அங்கே நிலவுகிறது.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மணி ஒன்றுக்கு நாற்பது லிட்டர் பெட்ரோலை அந்த இயந்திரம் கூச்சமில்லாமல் குடித்தது. அதைக் குளிர்விப்பதும் ஆற்றுநீரே என்பதால், மணல் புகுந்து குழாய் அடைத்துக்கொண்டால் சூடேறிப் புகைந்தது. உறிஞ்சும் வாயிலுள்ள கம்பிச் சல்லடையில் கல்லோ பாசியோ சிக்கினால், இயந்திரம் வீறிடும், படகு நகராது. பின்புறத்து மூடியைத் திறந்து, தோள்வரை கைவிட்டு, அதைத் துழாவி எடுக்க வேண்டும். மணல் உள்ளே தேய்த்துத் தேய்த்துச் சுழலிக்கும் அதன் உறைக்கும் இடையே இடைவெளி கூடியபோது, அதைச் செப்பனிட்ட செலவில் ஈப்போவுக்குப் போய்வர ஒருவருக்கு விமானச்சீட்டு வாங்கியிருக்கலாம். இந்தக் கணக்கைச் சொன்னவர் மனைவிதான். ஆனால் கணக்குக்கு அப்பாற்பட்ட சில வரவுகளும் இருந்தன. கற்களுக்கு நடுவே கற்களைப் போலவே முட்டையிடும் ரைபில் என்ற சின்னஞ்சிறு பறவையை முதலில் கண்டவள் மகள். அலகு பக்கவாட்டில், வலப்புறமாக வளைந்த பறவை உலகிலேயே அது ஒன்றுதான். கற்களுக்கு அடியிலுள்ள பூச்சியை வளைத்து எடுக்க அந்த அலகு உதவுகிறது. அது கூடுகட்டும் மாதங்களில் கல்மேடுகளில் இறங்கி நடக்கக் கூடாது என்று ஏழு வயதுக் குழந்தை தகப்பனுக்குக் கட்டளையிட்டது, கட்டளை நிறைவேறியது.

அந்தப் பருவத்தின் இறுதியில், 1998 மார்ச் மாதம், அது நடந்தது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் கரைகளைக் காப்பதற்காக நட்ட வில்லோ மரங்கள் அடர்ந்திருக்கும். முந்திய வெள்ளத்தில் ஒரு பெருமரம் வளைவொன்றில் சாய்ந்து, பாதி நீருக்குள் கிடந்தது. நீரோட்டம் முழுவதும் அதன் கிளைகளுக்குள் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. ஆற்றில் செல்வோர் மிகவும் அஞ்சுவது பாறைக்கன்று, இதற்குத்தான். சல்லடையில் நீர் இறங்கும், பிண்டம் தங்கும். அதில் அகப்பட்ட படகையும் ஆளையும் நீரின் அழுத்தம் கிளைகளோடு சேர்த்து அமுக்கிவிடும். அவர்கள் நீரோட்டத்தோடு கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். வளைவு திரும்பியதும் மரம் எதிரே நின்றது. அவர் வட்டை முழுவதும் திருப்பினார். அதே நொடியில் கால் தானாக மேலே வந்துவிட்டது. இயந்திரத்தின் ஓசை தணிந்தது. வட்டு திரும்பியிருந்தது, படகு திரும்பவில்லை. மரத்தை நோக்கி நேராக, அமைதியாக, பல்லக்கு போவதுபோலப் போனது.

அந்த அமைதியில் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "என்னங்க, அழுத்துங்க! காலை அழுத்துங்க!"

அழுத்தினார். இயந்திரம் முழங்கியது. பின்புறம் ஒரு வெட்டு வெட்டி விலக, முன்புறம் நடுநீரை நோக்கித் திரும்பியது. வில்லோக் கிளைகள் படகின் பக்கத்தைச் சாட்டையால் அடிப்பதுபோல் அடித்தன. மகனின் கன்னத்தில் ஒரு கீறல். மகளின் மடியில் மஞ்சள் இலைகள். அடுத்த நேரான நீட்சிக்கு வந்து, கரையோரம் ஒதுக்கி, இயந்திரத்தை நிறுத்திய பிறகே அவருடைய கைகள் நடுங்கத் தொடங்கின. யாரும் எதுவும் பேசவில்லை. வீடுவரை பேசவில்லை. இரவு சோறு பரிமாறும்போதும் பேசவில்லை. அடைப்பான் சாவிக்கொத்துக்குத் திரும்பியது.

படகு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. குளிர்காலம் வந்து போயிற்று. அந்த மாதங்களில் அவர் தம்மையே விசாரித்துக்கொண்டார். குடும்பத்துக்காக என்று சொல்லி வாங்கியது உண்மையில் யாருக்காக? சம்பானின் முன்பலகையில் உட்கார்ந்த சிறுவனுக்காக. கல்வெளியில் எழுந்து நின்ற மாணவனுக்காக. இரண்டு பேரும் அவரே. அந்த இருவரின் ஆசைக்கு நான்கு உயிர்களைப் பணயம் வைத்ததாக ஒருநாள் இரவு மனைவியிடம் சொன்னார். மனைவி மறுக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. செப்டம்பரில் அவர் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை இளைஞர் ஒருவர் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், விலையும் ஏறக்குறைய படிந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒப்படைக்கும் எண்ணத்தோடு அவர் உள்ளே போய் அடைப்பானைக் கேட்டார்.

மனைவி சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமல், "அது கொடுக்கறதுக்கு இல்லே" என்றார்.

"அது இல்லாம படகு எப்படி?"

"படகும் கொடுக்கறதுக்கு இல்லே. அந்தப் பையனை ரெண்டு தோசை சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஆறு வயதில் தோளில் உட்கார்ந்து நீரைக் கடந்தவருக்கு அன்று எதையும் செய்ய வழியில்லை. யாரோ தூக்கிச் சென்றார்கள், பிழைத்தார். வில்லோ மரத்தின் முன்னால் அவருடைய ஒரு சொல்லுக்குப் படகு திரும்பியது. இப்படியும் இருக்கலாம். அவர் மனத்தில் இருந்தது வேறொன்றாகவும் இருக்கலாம். அவர் சொல்லாததை இங்கே எழுதுவதற்கில்லை. அடுத்த வாரம் அண்டைவீட்டு முதியவரிடம் போய், தமக்கும் ஓட்டக் கற்றுத்தர முடியுமா என்று அவர் கேட்டது மட்டும் தெரியும். நகராட்சி நீச்சற்குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பிலும் சேர்ந்தார். முதல் நாள் ஏணியைப் பிடித்த கையை எடுக்கவில்லை என்று மகள் பள்ளியில் எல்லாரிடமும் சொல்லி வைத்தாள்.

நவம்பரில் ஆறு தெளிந்து நீலநிறமானது. மேற்கே மேகமில்லை, காற்று கிழக்கிலிருந்து வீசியது. சாய்தளத்தில் அவர் இழுவண்டியின் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மிதவைச் சட்டைகளின் வார்களை இறுக்கிக்கொண்டார்கள். மனைவி படகின் பின்னால் சென்று, சரளையில் மண்டியிட்டு, சாவிக்கொத்திலிருந்து அடைப்பானைக் கழற்றித் துளையில் வைத்துத் திருகினார். எழுந்தார். இரண்டடி நடந்தவர் திரும்பிவந்து, மறுபடி மண்டியிட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வலப்பக்கம் ஏறி, வட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"ஏறுங்க" என்றார்.

அவர் மகளை மடியில் பிடித்துக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார்.